எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய வீடு

புதுப்பட்டினம்,
புரட்டாசி 28, செவ்வாய்க்கிழமை.

சிரஞ்சீவி மாப்பிள்ளை கிரிதர் அவர்களுக்கு, மாமனார் கஸ்தூரிரங்கன் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் உங்கள் மாமியார் செங்கமலமும் க்ஷேமம். வீடுதான் க்ஷேமமாக இல்லை. உங்கள் க்ஷேமத்தையும், விஷாகாவின் க்ஷேமத்தையும், குழந்தை ஹர்ஷவர்தனுக்குப் பல் முளைத்த சமாசாரத்தையும் விவரமாகக் கேட்டு எழுத ஆசைதான். மனசு ஒரு நிலையில் இல்லாதபடியால், அதையெல்லாம் நான் கேட்டுவிட்டதாகவே பாவித்துக்கொண்டு மேலே படிக்கவும்.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். இந்த வீடு இருபத்துநாலு அடிக்கு எட்டடி. ஒரு மூலையில் தும்மினால் மறு மூலையிலிருந்து "தீர்க்காயுசு" என்று பதில் வருகிறது. இதில் நின்றுகொண்டு ரகசியம் பேச முடியாது. வாட்ஸ்அப்பில் எழுதலாமென்றால், இந்த விபரீதமே வாட்ஸ்அப்பினால் வந்ததுதான். குடும்பக் குரூப்பை விட்டு நான் வெளியேறிப் பத்து நாளாகிறது. அதனால் பென்ஷன் ஆபீசுக்கு எழுதுவதாகச் செங்கமலத்திடம் சொல்லிவிட்டு, பூவரச மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தினமும் இங்கிருந்து சிறுசேரிக்குக் கார் ஓட்டுகிற ஜோயல் இதை உங்கள் ஆபீசிலேயே கொண்டுவந்து கொடுப்பார். படித்ததும் கிழித்துப் போடவும். விஷாகாவுக்கு ஒரு வார்த்தை தெரியக் கூடாது. இந்த வீட்டை வாங்கும்போது, "சக்கரம் வெச்ச வீடெல்லாம் சர்க்கஸ்காராளுக்குப்பா" என்று அவள் சொன்னதும், அதற்கு நான் பந்துக்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பதிலும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

விஷயம் இதுதான். ஆயுத பூஜையன்று நம் வீடு ஆறடி நகர்ந்துவிட்டது. தானாக நகரவில்லை, நாங்கள்தான் நகர்த்தினோம். அதுவும் நாலு எலுமிச்சம்பழத்துக்காக.

முதலிலிருந்து சொல்கிறேன். செங்கல்பட்டு ஜங்ஷன் பார்சல் ஆபீசில் நான் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். எது லக்கேஜ், எது பார்சல், எது உடையும் சரக்கு, எது உயிருள்ள சரக்கு என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவேன். கோவில் யானையின் நெற்றிப்பட்டத்தைப் பதிவேட்டில் எந்தக் கலத்தில் எழுதுவது என்று மற்ற ஸ்டேஷன்காரர்களே என்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அப்பேர்ப்பட்டவன் சொந்த வீட்டை எந்தக் கலத்தில் எழுதுவது என்று தெரியாமல் திண்டாடினேன். வீடு வந்து இறங்கிய வாரமே ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் செய்தேன். வீட்டுப் பிரிவில் பேசிய பெண், சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா என்று கேட்டாள். தகடு என்றேன். அஸ்திவாரம் எத்தனை அடி என்றாள். அஸ்திவாரம் இல்லை, சக்கரம் என்றேன். கம்ப்யூட்டரில் டொக் டொக்கென்று எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு, "சார், நீங்க மோட்டார் பிரிவுல பேசணும்" என்று அங்கே மாற்றிவிட்டாள். மோட்டார் பிரிவுக்காரர் வண்டி நம்பர் கேட்டார். கிடையாது என்றேன். என்ஜின் நம்பர்? என்ஜினே கிடையாது. "அப்ப வண்டி எப்படி சார் ஓடும்?" ஓடாது ஐயா, நாங்கள் அதில் குடியிருக்கிறோம் என்றேன். அதற்கப்புறமும் அவர், "டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டார். செங்கமலத்தைப் பார்த்தேன். அவள் வத்தல்குழம்பு கிளறிக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அப்போது உங்களிடம் யோசனை கேட்டேன். நீங்கள் சிறுசேரியில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்கு இந்தச் சக்கர வீட்டு இன்சூரன்சுக்குத்தானே புரோகிராம் எழுதுகிறீர்கள்? "அங்கே இதெல்லாம் சர்வசாதாரணம் மாமா, பயப்படாதீங்கோ" என்றீர்கள். அந்தத் தைரியத்தில் தேடியதில் ரஞ்சித்குமார் என்கிற ஏஜெண்ட் கிடைத்தார். அவர் நேரில் வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்து, குனிந்து அடியிலும் பார்த்து, "இடம் மாற்றக்கூடிய கொட்டகைகள்" என்கிற தலைப்பில் எங்களைச் சேர்த்தார். ரோடு போடுகிறவர்கள் வைத்திருக்கிற தகர ஆபீசெல்லாம் அதில்தான் வருமாம். கொட்டகை என்றதும் செங்கமலத்தின் முகம் சுருங்கியது. ஆனாலும் அவருக்குக் காபி கொடுத்தாள். பாலிசி எங்கள் இருவர் பேரிலும் கைக்கு வந்தது.

பாலிசி என்றால் என்ன என்று இப்போது எனக்குப் புரிந்திருக்கிற அளவுக்கு அப்போது புரிந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை. அதை இந்தப் பதின்மூன்று நாளில் பதினோரு தரம் படித்துவிட்டேன். எங்கள் ரயில்வேயில் பார்சலை இரண்டு விதமாக ஏற்றுக்கொள்வோம். ஒன்று ரயில்வே பொறுப்பு, இன்னொன்று உடையவர் பொறுப்பு. இதுவும் அதேதான். வீடு நிற்கிறவரைக்கும் கம்பெனி பொறுப்பு, அசைந்தால் உடையவர் பொறுப்பு. தீ, புயல், வெள்ளம், திருட்டு எல்லாவற்றுக்கும் உண்டு. ஆனால் வீடு, பாலிசியில் எழுதிய இடத்தில், நாலு மூலையிலும் கான்கிரீட்டில் புதைத்த நங்கூரத்தோடு இரும்புப் பட்டையால் கட்டப்பட்டு நிற்க வேண்டும். ஜாக்கியின் மேல் தூக்கி நிறுத்தியிருக்க வேண்டும், சக்கரம் தரையைத் தொடக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் முன்கூட்டி எழுதித் தெரிவித்து, அவர்கள் ஆள் வந்து பார்த்துத் திருத்திக் கொடுக்கிறவரை புது இடத்தில் ஒரு பாதுகாப்பும் கிடையாது. பீரோ, ஃபிரிட்ஜ், பெருமாள் படம் எல்லாம் தனிப் பட்டியல். கட்டிலைச் சுவரோடு திருகியிருந்தால் அது வீடு, திருகாவிட்டால் சாமான். ஒரு திருகாணியில் கட்டிலின் கலமே மாறிவிடுகிறது. எனக்கு இந்த இடம் மிகவும் பிடித்திருந்தது. முப்பது நாள் சேர்ந்தாற்போல் பூட்டிக் கிடந்தால் திருட்டுக்கு அவர்கள் பொறுப்பில்லை. உங்கள் வீட்டில் வந்து நாங்கள் தங்காததற்கு அதுதான் காரணம், வேறு எதுவும் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொன்று இருக்கிறது: வானிலை ஆபீஸ் ஒரு புயலுக்குப் பெயர் வைத்துவிட்டால், அந்தப் புயல் ஓய்கிறவரை பாலிசியில் எந்தத் திருத்தமும் செய்ய மாட்டார்கள். இதை நீங்கள் மறக்காமல் மனதில் வைத்துக்கொள்ளவும்.

இனி எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். பூஜைக்கு முதல் நாள் செங்கமலம் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஏன்னா, நாலு சக்கரம் இருக்கே, எலுமிச்சம்பழம் வைக்க வேண்டாமா?" என்றாள். மாப்பிள்ளை, இந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் என் பார்சல் மூளை குறுக்கே வந்தது. உங்கள் காருக்கு வைக்கிறோம், ஜோயல் வண்டிக்கு வைக்கிறார்கள், என் சைக்கிளுக்கே இரண்டு வைக்கிறேன். சக்கரம் உள்ளது எதுவோ அது வாகனம், வாகனம் எதுவோ அதற்கு எலுமிச்சம்பழம். சரி, வைத்தால் அது நசுங்க வேண்டும். நசுங்காவிட்டால் வைத்ததற்கே அர்த்தமில்லை. நசுங்க வேண்டுமானால் சக்கரம் உருள வேண்டும், உருள வேண்டுமானால் முதலில் தரையில் பட வேண்டும், அதற்கு ஜாக்கியை இறக்க வேண்டும், ஜாக்கியை இறக்க வேண்டுமானால் இரும்புப் பட்டையைக் கழற்ற வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போய், கடைசியில் ராமதாசின் டிராக்டரில் வந்து நின்றோம்.

ராமதாஸ் நல்ல மனுஷர். ஊரில் யாருக்கு எது இழுக்க வேண்டுமானாலும் அவர் டிராக்டர்தான். "இன்னா சார், வூட்டுக்கா எலுமிச்சம்பழம்? பொறந்ததுலேர்ந்து இப்பத்தான் கேள்விப்படறேன்" என்று சிரித்தார். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு, "இஸ்துடலாம் சார். ஆனா வூடு பாட்டுக்குக் கம்முனு நின்னுகினு கீது, அதைப் போயி ஏன் சார் கெளப்பறே?" என்று ஒரு தரம் கேட்டார். அந்த ஒரு தரமாவது நான் கேட்டிருக்கலாம். சக்கரம் ஒரு கால் சுற்று உருண்டால் போதும் என்று சொல்லி, பட்டைகளைக் கழற்றி, ஜாக்கிகளை இறக்கி, கொக்கி மாட்டினோம். செங்கமலத்தைக் கீழே இறங்கி நிற்கச் சொன்னேன். "உள்ளே விளக்கு எரியறது, அணையாம பார்த்துக்க ஒருத்தர் வேண்டாமா?" என்று உள்ளேயே நின்றுகொண்டாள். விளக்கு பூஜை அலமாரியில் எரிந்தது. அவள் என்னவோ அடுப்பங்கரை ஜன்னலண்டை போய் நின்றாள்.

நான் முன்னால் நின்று, ரயில்வே பழக்கத்தில் பச்சைத் துண்டை வீசினேன். டிராக்டர் கிளம்பியது. நாலு பழமும் ஒரே நேரத்தில் நசுங்கின. மனசுக்கு நிறைவாக இருந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிறுத்தச் சொன்னேன். ராமதாஸ் நிறுத்தவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை, கழுத்தைத் திருப்பி வீட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். வீடு வந்துகொண்டே இருந்தது. உள்ளேயிருந்து செங்கமலம் கத்தினாள். டிராக்டர் இரைச்சலில் வார்த்தை காதில் விழவில்லை. கையை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீட்டி நீட்டி ஆட்டினாள். பாவம், என்ன பயம் பயந்திருப்பாள்! ஒருவழியாக அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டிய பிறகுதான் ராமதாஸ் நிறுத்தினார். ஓடிப்போய், "என்ன ராமதாஸ் இது?" என்றேன். "இல்ல சார், அம்மாதான்..." என்று ஆரம்பித்தார். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ முதலில் பிரேக்கைப் பார் என்று அவரை அடக்கிவிட்டேன். செங்கமலம் கீழே இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. உட்காரவைத்து மோர் கொடுத்தேன். அவள் மோரைக் குடித்துவிட்டுச் சிரித்தாள். அதிர்ச்சியில் சிலர் சிரிப்பார்கள் என்று படித்திருக்கிறேன்.

டேப் வைத்து அளந்தேன். ஆறடி. நங்கூரங்கள் நாலும் வீட்டு மூலைகளுக்கு ஆறடி பின்னால் வெறுமனே மண்ணில் நின்றுகொண்டிருந்தன. பின்னால் தள்ளிவிடு என்றால், "மணல்ல ரிவர்சுல தள்னா ஆக்சில் முறிஞ்சிடும் சார். மழை வுட்டு தரை இறுகட்டும்" என்று ராமதாஸ் கிளம்பிவிட்டார். மழை விடுவதற்குள் என்ன ஆகும் என்பதல்லவா என் கவலை? அன்றைக்கே குப்பத்துக்குப் போய்ப் படகு கட்டுகிற கயிறு வாங்கிவந்து, வீட்டைப் பூவரச மரத்தோடு சேர்த்துக் கட்டினேன். இப்போது நான் எழுதுகிற மரம் அதுதான். காற்று அடிக்கும்போதெல்லாம் கயிறு முனகுகிறது, நான் எழுந்துபோய் முடிச்சை இழுத்துப் பார்க்கிறேன்.

இது எங்களோடு போயிருந்தால் போகட்டும். நசுங்கிய பழங்கள், சந்தனம் குங்குமம் வைத்த சக்கரங்கள், வாழைக்கன்று கட்டிய வாசல், முன்னால் டிராக்டர், பின்னால் கழற்றிப் போட்ட பட்டைகள் எல்லாம் பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துச் செங்கமலம் நம் குரூப்பில் போட்டுவிட்டாள். நீங்களும் பார்த்துக் கை கூப்பியிருப்பீர்கள். என் தங்கை அம்மு மட்டும் பதினாலு தரம் கூப்பியிருந்தாள். அந்தக் குரூப்பில் குடும்பத்தார் மட்டும் இருந்தால் பரவாயில்லை. நம் வீட்டில் ஒரு வாய் காபி குடித்தவர்கள் எல்லோரையும் உங்கள் மாமியார் அதில் சேர்த்துவிடுவாள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. கேஸ் சிலிண்டர்காரர் இருக்கிறார். ஏஜெண்ட் ரஞ்சித்குமாரும் இருக்கிறார்.

ரஞ்சித்குமார் படத்தைப் பார்த்துப் பூரித்துப் போய் அவர் ஆபீசுக்கு அனுப்ப, அவர்கள் அதைச் சுற்றிப் பூ வைத்து, "எங்கள் வாடிக்கையாளர் இல்லத்தில் ஆயுத பூஜை" என்று வாழ்த்து அட்டையே போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து மேலிடத்தில் யாரோ ஒருவர் பூவை விட்டுவிட்டுப் பட்டையைப் பார்த்திருக்கிறார். உடனே ரஞ்சித்குமாரிடமிருந்து போன் வந்தது.

"சார், வூடு நவுந்துகீதா?"

"கொஞ்சம்" என்றேன்.

"கொஞ்சம்னா எவ்ளோ சார்?"

"ஆறடி."

"ஐயோ பேஜாரு சார்! ஒரு வார்த்தை என்னாண்ட சொல்லியிருக்கலாமே? பதினாறாம் தேதி வியாழக்கிழமை சர்வேயர் வராங்க. வந்து பாத்துட்டு இன்னா எழுதறாங்களோ அதான் முடிவு. நான் ஒண்ணியும் பண்ண முடியாது சார்."

அந்த நிமிஷமே நான் குரூப்பை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இதற்கு நடுவே வங்காள விரிகுடாவில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி வந்து உட்கார்ந்திருக்கிறது. நேற்றுவரை சும்மா தாழ்வுப் பகுதி. இன்று காலை ரேடியோவில் "வலுவடையக்கூடும்" என்கிறார்கள். அடுத்து தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம், அதற்கப்புறம் பெயர் வைத்துவிடுவார்கள். ஹர்ஷவர்தனுக்குப் பெயர் வைக்க நாம் எல்லோரும் அவ்வளவு அவசரப்பட்டோம். இதற்கு வைக்காமல் இருக்க வேண்டுமே என்று தினமும் பெருமாளுக்குத் துளசி சாற்றிக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் பெயர் வைத்துவிட்டால் சர்வேயர் வந்தும் பிரயோஜனமில்லை. வைக்காவிட்டால் அவர் வந்து, கயிற்றைப் பார்த்துவிட்டு, பாலிசியை ரத்து செய்வார். இரண்டில் எது நல்லது என்றே எனக்குத் தெரியவில்லை.

நான் இப்படித் தவித்துக்கொண்டிருக்கிறேன், செங்கமலத்துக்கோ தோட்டம் போடுகிற உற்சாகம் வந்திருக்கிறது. மணி மேஸ்திரியை வரவழைத்து, வீட்டின் நாலு மூலையிலும் குழி வெட்டச் சொன்னாள். என்னவென்று கேட்டால், ஒன்று துளசி மாடத்துக்காம், ஒன்று கறிவேப்பிலைக்காம், ஒன்று செம்பருத்திக்காம், ஒன்று என்னவென்று இன்னும் யோசிக்கவில்லையாம். செடி நடுகிற குழியில் ஜல்லியும் சிமெண்டும் எதற்கு என்றேன். "வேருக்குப் பிடிப்பு வேண்டாமா?" என்றாள். அதோடு விடவில்லை. கழற்றிப் போட்ட இரும்புப் பட்டைகள் சும்மாதானே கிடக்கின்றன என்று அவற்றையும் எடுத்து, குழிக்கும் வீட்டுக்குமாக முறுக்கிக் கட்டச் சொல்லியிருக்கிறாள். அதில் அவரைக் கொடி ஏற்றப் போகிறாளாம். நேற்று நான் இன்னொரு கயிறு வாங்கக் குப்பத்துக்குப் போய்த் திரும்பினால், வீட்டடியில் பெருக்கக் குனிய முடியவில்லை என்று ஜாக்கியை வேறு ஏற்றி வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. வீடே காற்றில் போகப் போகிறது, இவளுக்கு அவரைக்காய் கேட்கிறது. ஆனால் சத்தம் போட மனசு வரவில்லை.

ஏன் என்று உங்களிடம் சொல்கிறேன், வேறு யாரிடமும் சொன்னதில்லை. தகடு போனால் போகட்டும் மாப்பிள்ளை, தகட்டுக்காக நான் இப்படிப் பயப்படவில்லை. ரயில்வே குவார்ட்டர்ஸில் அடுப்பங்கரை ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுக் குளியலறைச் சுவர். அதைப் பார்த்துக்கொண்டே முப்பத்தாறு வருஷம் சமைத்தாள். என்னிடம் அவள் நகை கேட்டதில்லை, பட்டுப்புடவை கேட்டதில்லை. "ஒரு நாளாவது கடலைப் பார்த்துண்டு சமைக்கணும்" என்று மட்டும் எப்போதாவது சொல்வாள். அதற்காகத்தான் இந்த மனை, இந்த வீடு. வீட்டை விற்ற கம்பெனிக்காரர்கள் கொண்டுவந்து நங்கூரத்தில் நிறுத்திய அன்றைக்குத்தான் பார்த்தேன். அடுப்பங்கரை ஜன்னலுக்கு நேரே பக்கத்து மனையின் பம்புசெட் கொட்டகை. கடல் தெரியவில்லை. அவள் அந்த ஜன்னலடியிலேயே அடுப்பை மூட்டிப் பால் காய்ச்சினாள். நானும் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். மறுபடியும் லாரி, கான்கிரீட், மேஸ்திரி என்று ஆரம்பிக்க எனக்குப் பயம். கேட்ட ஒன்றையும் சரியாகக் கொடுக்கவில்லை. அரைகுறையாகக் கொடுத்த இந்த வீடும் புயலில் போய், பாலிசியும் இல்லை என்றால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? "எல்லாத்துக்கும் இன்சூரன்ஸ் இருக்கு செங்கமலம், நீ நிம்மதியாத் தூங்கு" என்று அவளிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளும் நிம்மதியாகத்தான் தூங்குகிறாள். அதைப் பார்க்கத்தான் எனக்கு அழுகை வருகிறது.

ஆகையினால் நீங்கள் நாளை புதன்கிழமை எப்படியாவது லீவு போட்டு வர வேண்டும். வரும்போது மணலில் இழுக்கக்கூடிய பெரிய வண்டி ஏதாவது ஏற்பாடு செய்து, வீட்டை நைசாகப் பழைய இடத்துக்கே தள்ளிவிட வேண்டும். ஆயுத பூஜைக்காக வீட்டை நகர்த்துகிறவர்கள் அமெரிக்காவில் இருந்தால் அவர்களுக்கு என்ன செய்கிறார்கள் என்று உங்கள் புரோகிராமில் பார்த்து வரவும். சர்வேயரிடம் இங்கிலீஷில் பேச ஒருவர் பக்கத்தில் இருந்தால் எனக்குத் தெம்பாக இருக்கும். எதுவும் நடக்காவிட்டால், மழைக்காலம் முடிகிறவரை உங்கள் பின்கட்டு அறையை எங்களுக்கு ஒழித்து வைக்கவும். அன்றைக்கு நான் சொன்ன பெரிய வார்த்தைகளையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். விஷாகாவிடம் வேறு ஏதாவது காரணம் சொல்லவும்.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். நீங்களும் விஷாகாவும் சகல சௌபாக்கியங்களோடும், அசையாத வீட்டில், தீர்க்காயுசாக இருக்க வேண்டுமென்று பெருமாளைப் பிரார்த்திக்கிறேன். ரேடியோவில் செய்தி நேரம் ஆகிறபடியால் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்,
கஸ்தூரிரங்கன்.

பின்குறிப்பு: மாப்பிள்ளைக்குச் செங்கமலம் ஆசீர்வாதம். கவரை ஒட்டாமல் மேசையில் வைத்துவிட்டு, கயிற்றை இறுக்குகிறேன் என்று போயிருக்கார். பென்ஷன் ஆபீசுக்கு ஒன்பது பக்கம் எழுதமாட்டாரே என்று எடுத்துப் படித்தேன். நீங்கள் லீவு போட வேண்டாம். வண்டியும் வேண்டாம், அறையும் ஒழிக்க வேண்டாம். வீடு பிரேக் இல்லாமல் ஓடவில்லை. ராமதாசிடம் முதல் நாளே சொல்லி வைத்திருந்தேன், எலுமிச்சம்பழம் நசுங்கினதும் நிறுத்தாதே, நான் ஜன்னலிலிருந்து கை காட்டினால் நிறுத்து என்று. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்றுதான் கத்தினேன். ஆறடி வந்ததும் கொட்டகை மறைந்து போச்சு. இடம் மாறின விஷயத்தை மறுநாளே ரஞ்சித்குமாருக்குக்கூடச் சொல்லாமல் நேரே கம்பெனிக்கு எழுதிப் போட்டுட்டேன், பாலிசியில் என் பேரும்தானே இருக்கு? அதைப் பார்த்துத்தான் சர்வேயரை அனுப்பினார்கள். சர்வேயர் சிநேகா ரொம்ப நல்ல பெண். வியாழக்கிழமை வர வேண்டியவள், புயல் பயத்தில் நேற்றே வந்துட்டாள், இவர் கயிறு வாங்கப் போன நேரத்தில். மணி மேஸ்திரி போட்ட நாலு நங்கூரத்தையும் தட்டிப் பார்த்து, பட்டையை இழுத்துப் பார்த்து, சரி என்று எழுதிண்டு போனாள். காபி குடித்தாள், குரூப்பில் சேர்த்துட்டேன். புது இடத்துக்குத் திருத்தின பாலிசியை ரஞ்சித்குமார் இன்றைக்குக் காலையில் அந்தக் குரூப்பில்தான் போட்டிருக்கான். அம்மு பதினாலு தரம் கை கூப்பியாச்சு. விஷாகா போன் பண்ணிச் சிரிச்சு ஓய்ந்தாள். தெரியாதது இவர் ஒருத்தருக்குத்தான். முதலில் சொல்லியிருந்தால் பயத்திலேயே வேண்டாம் என்றிருப்பார். அப்புறம் சொல்லலாம் என்றால் எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கும் தெரியலை. பெயர் வைத்த புயலே வந்தாலும் வரட்டும், முதல் நாளே அங்கே வந்து தங்கிவிட்டு முப்பது நாளைக்குள் திரும்பிடறோம்.

ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்கோ. பதின்மூன்று நாளாகத் தலையைக் குனிந்துண்டு சக்கரத்தையே பார்த்துண்டிருக்கார். அடுப்பங்கரைப் பக்கம் ஒரு தடவைகூட வரலை. நான் கூப்பிட்டால், "இரு, கயிறு தளர்ந்திருக்கு" என்கிறார். நீங்கள் போன் பண்ணி, இன்சூரன்சுக்கு வேணும், அந்த ஜன்னல் வழியா என்ன தெரியறதுன்னு பார்த்துச் சொல்லுங்கோ என்று கேளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்பார்.